வாசிக்கத் தெரிந்தால் வாசிக்கக் கற்பிக்க முடியுமா?

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த முதலாண்டின் இறுதியில், பள்ளி ஆய்வுக்காக ஓர் அதிகாரி வந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி அது. முதல் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியை எழுப்பி, பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். அவள் வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டியபடி, ஒரு சொல்லும் பிசகாமல் பாடம் முழுவதையும் படித்து முடித்தாள். அதிகாரி மகிழ்ந்தார், எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. பிறகு அவர் மூன்றாம் வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். சிறுமி விழித்தாள். பின்னர் முதல் வரியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். விரல் அந்தச் சொல்லை எட்டுவதற்குள் வாய் பாடத்தையே முடித்துவிட்டது.

அவள் ஓராண்டாக ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை வாசிப்பு என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மாலை வகுப்பிலிருந்த 32 பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்து, புத்தகத்தில் இல்லாத எளிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். நால்வர் படித்தனர்.

இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் குழந்தை உளவியல் கற்பித்தார்கள். பாடக்குறிப்பு எழுதவும், அட்டையிலும் தெர்மாகோலிலும் துணைக்கருவிகள் செய்யவும் கற்பித்தார்கள். ஆனால், தமிழ் எழுத்தை முதன்முதலாகக் காணும் ஒரு குழந்தைக்கு ஒலியும் வடிவும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே ஒட்டாமல் நழுவுகின்றன என்பதை எவரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நன்றாக வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள், வாசிப்பை ஒரு திறனாகவே உணர்வதில்லை. எப்போது கற்றோம், எப்படிக் கற்றோம் என்பது நம் நினைவில் இல்லை. ஆகவே வாசிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கக் கற்பித்துவிடலாம் என்ற எண்ணம் நம் ஆசிரியர் கல்விக்கு அடியில் எழுதப்படாத விதியாகக் கிடக்கிறது. பத்தாம் வகுப்புக்கு அனுபவம் மிக்கவரைத் தேடும் நாம், முதல் வகுப்புக்கு யார் கிடைத்தாலும் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

இந்த எண்ணத்தின் விலை என்ன என்பதைக் கரோனா காலம் அம்பலப்படுத்தியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி கடந்திருந்தது. அடுத்த ஆண்டு அப்பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். கிராமப்புற வீடுகளுக்கே சென்று நடத்தப்படும் 'அசர்' ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 4.8 விழுக்காட்டினர். நாடு தழுவிய அளவு 20.5 விழுக்காடு. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலத்தின் நிலை இது.

பழியைக் கரோனாவின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. அதற்கு முன்பும் நம் எண்கள் பெருமைப்படும்படி இருந்ததில்லை. பெற்றோரோ உறவினரோ வீட்டில் கற்பித்ததால் வாசிக்கப் பழகிய பிள்ளைகள், பள்ளியின் கற்பித்தல் குறையை மறைத்து வந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும், 2025க்குள் இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு. முந்தைய ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம் இதே இலக்குக்கு 2026-27ஆம் கல்வியாண்டை வைத்திருந்தது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் சிறந்த கூறு, பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது என்பதை ஒளிவின்றி ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து தொடங்குவதற்கு ஆசிரியருக்கு உரிமை அளித்தது அது. அந்த நேர்மையை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆசிரியர் கையேடு வந்தது, பயிற்சி நூல் வந்தது, பருவந்தோறும் பயிற்சியும் வந்தது. என் கவலை அந்தப் பயிற்சியைப் பற்றியது.

அதற்கு முன், கற்பிக்க வேண்டிய பொருள் எத்தகையது என்று பார்ப்போம். தமிழ் எளிய எழுத்து, எழுதியபடி ஒலிக்கும் மொழி என்று சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனால், ஐந்து வயதுக் குழந்தை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

வகுப்பறைச் சுவரில் 247 எழுத்துகளின் அட்டவணை தொங்குகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. பெரியவர் கண்ணுக்கு அது அழகிய கட்டமைப்பு. இடமிருந்து வலமாக உயிர், மேலிருந்து கீழாக மெய், சந்திக்கும் கட்டத்தில் உயிர்மெய். அந்தக் கட்டமைப்பு புரியாத குழந்தைக்கு அது 247 தனித்தனிப் படங்கள். ஆகவே அது வரிசையை இராகமாகப் பாடி ஒப்பிக்கிறது. 'க, கா, கி, கீ' என்று தடையின்றிப் பாடும் பிள்ளையிடம் 'கீ' எது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'க'விலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் அதனால் தொட முடியும். என் முதல் வகுப்புச் சிறுமி செய்தது இதையேதான்.

மெய்யெழுத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் தனித்து ஒலிப்பது கடினம் என்பதால் 'இக்', 'இங்', 'இச்' என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லித் தருகிறோம். பிறகு 'இக்' என்பதும் 'ஆ' என்பதும் சேர்ந்தால் 'கா' என்கிறோம். உண்மையில் சேர்த்துப் பார்க்கும் குழந்தைக்கு 'இக்கா' என்றுதான் வருகிறது. குழந்தையின் கணக்கு சரி. நம் கணக்குதான் உதைக்கிறது. எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் ஒலி வேறு என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தால், 'கல், கால், கிளி' என்று சொற்களை நீட்டி ஒலித்து, முதலில் வரும் ஒலியைக் காதால் பிரித்துக் காட்டிவிட்டு எழுத்துக்கு வருவார். உணராதவர் 'இக்கும் ஆவும் கா' என்று நூறு முறை சொல்ல வைப்பார்.

புள்ளியின் நிலையும் இதுவே. 'க' என்ற வெற்று வடிவத்துக்குள்ளேயே ஓர் அகரம் ஒளிந்திருக்கிறது. அதை நீக்கத்தான் புள்ளி வைக்கிறோம். கூடுதலாக ஒரு குறி இட்டால் ஒலி குறைகிறது என்பது குழந்தையின் உலக அனுபவத்துக்கு நேர்மாறானது. 'பால்' என்பதைப் 'பால' என்று படிக்கும் பிள்ளை கவனக்குறைவானது அன்று. அதற்கு இந்த விதி இன்னும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கொம்பும் காலும். 'கொடி' என்ற சொல்லில் கண் முதலில் சந்திப்பது ஒற்றைக்கொம்பை. பிறகு 'க'. பிறகு துணைக்கால். ஆனால் ஒலிக்கும்போது ககரம் முதலில் வருகிறது; கொம்பும் காலும் சேர்ந்து அதன்பின் ஒரே ஒகரமாக ஒலிக்கின்றன. போதாக்குறைக்குத் துணைக்கால் 'ர' போலத் தோன்றுகிறது. 'கொடி'யை ஒரு சிறுவன் 'கெரடி' என்று படித்தபோது நான் முதலில் அதட்டினேன். பின்னர்தான் அவன் ஒவ்வொரு வடிவத்தையும் எவ்வளவு கவனமாக, வரிசை தவறாமல் படித்திருக்கிறான் என்பது உறைத்தது.

உகர, ஊகார வரிசைகள் தனிக் கதை. ஆகாரத்துக்குக் கால் என்றால் எல்லா மெய்க்கும் கால்தான். ஆனால் 'கு, சு, து, பு, மு, ரு' ஆகியவற்றில் குறி ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாகத் திரும்புகிறது. 36 எழுத்துகளை ஏறத்தாழத் தனித்தனியாகவே மனத்தில் பதிக்க வேண்டும். பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் விலக்கு வடிவங்களை நீக்கியது. இன்றைய குழந்தைகளுக்கு அது பெரும் சுமைக் குறைப்பு. உகர வரிசைகளை அச்சீர்திருத்தம் தொடவில்லை. தொட வேண்டுமா என்ற விவாதத்துக்குள் இப்போது நுழைய நான் விரும்பவில்லை. ஆனால் அவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்பதையாவது கால அட்டவணை ஒப்புக்கொள்ளலாம்.

நம் எழுத்தின் உறவுக்கார எழுத்தான கன்னடத்தைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தை உளவியலாளர் சோனாலி நாக் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எழுத்துத் தொகுதி முழுவதும் பிள்ளைகளுக்கு வசப்படுவது முதல் வகுப்போடு முடிவதில்லை, மேல் வகுப்புகள் வரை நீள்கிறது என்று அவ்வாய்வு காட்டியது. ஒரே ஆண்டில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், முடியாத பிள்ளையை மக்கு என்பதும் எழுத்தின் இயல்பை அறியாததால் வருபவை. எழுத்தெல்லாம் தெரிந்த பிறகே சொல், சொல்லெல்லாம் தெரிந்த பிறகே கதை என்று காத்திருப்பதும் அதே அறியாமைதான். நான்கைந்து எழுத்துகள் தெரிந்தவுடனேயே 'படம், மடம், பட்டம்' என்று வாசிக்கத் தொடங்கலாம். ஆசிரியர் உரக்கக் கதை படித்துக் காட்டுவதை முதல் நாளிலேயே தொடங்கலாம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'தண்ணி' குடிக்கும் குழந்தை, புத்தகத்தில் 'தண்ணீர்' என்ற சொல்லைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடிக்கும்போது அதைத் தனக்குத் தெரிந்த சொல்லாக அடையாளம் காண்பதில்லை. எங்கள் பகுதிப் பேச்சில் 'பழம்' பல வாய்களில் 'பயம்' ஆகிவிடும். இது மட்டுமன்றி, காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பள்ளிகளில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வாய்மொழியைத் திருத்தித் திருத்தி அடக்கிவிடுவதா, அதையே படிக்கட்டாகக் கொண்டு எழுத்து மொழிக்கு ஏற்றுவதா என்பது ஆசிரியர் ஒரு நாளில் இருபது முறை எடுக்க வேண்டிய முடிவு. எந்தக் கையேடும் அந்த முடிவை அவருக்காக எடுத்துவிட முடியாது.

இப்படிப்பட்ட ஒரு வேலைக்கு ஆளைப் பழக்குவது எப்படி? இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தந்தை பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெசவாளி. காஞ்சிப் பட்டின் தனித்தன்மையான கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் இரு ஓரங்களையும் கவனிக்க இயலாது. ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாள் தேவை. அந்த இடத்தில் பெரும்பாலும் குழந்தைகள்தாம் உட்கார்ந்தார்கள். பள்ளி மணி அடிக்கும்வரை நானும் உட்கார்ந்தேன். பலர் மணி அடித்த பிறகும் எழவில்லை. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் 'மனித உரிமைகள் கண்காணிப்பகம்' வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதில் எழுதப்பட்டிருந்தவை எங்கள் தெருவுக்குப் புதியவை அல்ல. ஆகவே தறியைப் பொற்காலமாகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை.

ஆனால், அங்கே தொழில் கற்பிக்கப்பட்ட முறையை நான் மறக்கவில்லை. என் தந்தை நெசவைப் பற்றி ஒருநாளும் எனக்கு விரிவுரை ஆற்றியதில்லை. நான் நாடாவைத் தள்ளும்போது ஊடை கூடுதலாக இழுபட்டால், கரை உள்வாங்கும். நான் அதைக் காண்பதற்கு முன்பே அவர் கண்டுவிடுவார். கால் மிதியை நிறுத்தி, என் கையின்மேல் தம் கையை வைத்து இரண்டு முறை ஓட்டிக் காட்டுவார். பின்னர் கையை எடுத்துவிடுவார். தவறு நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே, தவறின் காரணத்தோடு, திருத்தம் கிடைத்தது. சில மாதங்களில் இழையின் இழுவையை விரலே சொல்லத் தொடங்கியது.

என் பணிக்காலத்தின் பிற்பாதியில் நான் ஆசிரியர் பயிற்றுநர் ஆனேன். எங்கள் பயிற்சிமுறை இதற்கு நேர்மாறாக இருந்தது. மாநில அளவில் சில கருத்தாளர்களுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து ஆசிரியர்களுக்கு. மேலிருந்து ஊற்றிய பால் கீழே வந்து சேரும்போது நீராகிவிடும். நானே அந்த நீரைக் கலந்தவன். ஒலிகளைக் காதால் பிரித்தறியும் பயிற்சியை எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் செய்து காட்டினார்கள். நான் அதை ஆசிரியர்களிடம் கொண்டுசென்றபோது, நிகழ்ச்சி நிரலில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். திரையில் ஒரு படத்தைக் காட்டி, "இதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்தேன். ஜூன் மாத வெயிலில், மின்விசிறி சுழலாத கூடத்தில், நூறு ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்றார்கள். அந்த அறையில் வாசிக்கத் தடுமாறும் குழந்தை ஒன்றுகூட இல்லை. நீச்சல் வகுப்பைக் குளமில்லாத ஊரில் நடத்தியது போலத்தான் அது.

இந்த இடத்தில் செயல்வழிக் கற்றலை நினைவுகூராமல் இருக்க முடியாது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காக உருவான அட்டைவழி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கப்பட்டது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், அதற்கு முன் வேலூரில் ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களுக்கான பள்ளிகளில் இம்முறையின் ஆற்றலைக் கண்டவர். முதற்கட்ட ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே சென்று பார்த்தார்கள். வகுப்பறைகளை நேரில் கண்டு, திரும்பிவந்து தாங்களே அட்டைகளை உருவாக்கினார்கள். 2007-08இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது அட்டைகள் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் முதல் ஆசிரியர்களுக்கு வாய்த்த அந்த நேரடிப் பழக்கம் அதே அளவில் வந்து சேரவில்லை. பல பள்ளிகளில் ஏணிப்படியும் தட்டும் இருந்தன. எந்தக் குழந்தை எந்த அட்டையில் ஏன் நின்றுவிட்டது என்பதைப் படிக்கும் கண் இல்லை. பின்னாளில் முறையையே குற்றம் சொன்னார்கள். முறைக்கு ஆளைப் பழக்காத குறை பேசப்படவில்லை.

இந்தச் சிக்கல் புதிதும் அன்று. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் இல்லத்தில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பழக்கி, அவனைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து சென்றது இப்படித்தான். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஆசிரியர்கள் ஏன் இணங்கவில்லை என்பதைத்தான் நாம் இன்றுவரை யோசிக்கவில்லை.

பயிற்சியை எங்கே தர வேண்டும் என்பதற்குச் சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015 முதல் இரண்டாண்டுகள், சேட்ஸ்வானா என்னும் தாய்மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு பரிசோதனை நடந்தது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகள், ஒரே வாசிப்பு நூல்கள். ஒரு தொகுதி ஆசிரியர்களை ஆண்டுக்கு இருமுறை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். மற்றொரு தொகுதி ஆசிரியர்களின் வகுப்பறைக்கு, தேர்ந்த பயிற்றுநர் ஒருவர் மாதந்தோறும் சென்று உடனிருந்து வழிகாட்டினார். இரண்டாவது தொகுதிப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் முதல் தொகுதியினரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வகுப்பறைக்குச் செல்வதற்குச் செலவு கூடியது. ஆனால் செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பயனும் கூடவே இருந்தது. கையேடும் நூலும் இருவருக்கும் ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இதைப் படிக்கும்போது எனக்குக் குழித்தறியின் ஓரம் நினைவுக்கு வந்தது.

தமிழகத்தில் இதற்கான அமைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். ஆனால் பயிற்றுநரின் நாள் எதில் கழிகிறது? புள்ளிவிவரம் திரட்டுவதில், பதிவேற்றத்தைச் சரிபார்ப்பதில், நலத்திட்டப் பொருள்களின் கணக்கில், கூட்டங்களில். பள்ளிக்குச் சென்றாலும் படிவத்தோடுதான் செல்கிறார். படிவத்தில் பிள்ளையின் அருகே அமர்ந்து பத்து நிமிடம் கேட்பதற்குக் கட்டம் இல்லை. மேலும், பயிற்றுநர்களில் பலர் பாடவாரியாகத் தேர்வான பட்டதாரிகள். கணிதமோ அறிவியலோ ஆழமாகக் கற்றவர்கள்; முதல் வகுப்பில் ஒருநாளும் நின்றிராதவர்கள். தாம் செய்திராத வேலையை அவர்கள் எப்படிச் செய்து காட்டுவார்கள்? குறை அவர்களுடையது அன்று.

தொடக்கநிலைக்குத் தனித் திறன் வேண்டும் என்பதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குப் பி.எட். பட்டம் தகுதியாகாது என்று தீர்ப்பளித்தபோது, சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையில் பி.எட். படித்தவர்களுக்குப் பயிற்சி இல்லை என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பயிற்சி தொடக்கக் கல்விப் பட்டயத்தில் உண்டு என்பது அதன் உட்கிடை. பட்டயப் படிப்பில் அது எந்த அளவுக்கு உண்டு என்று நாம்தான் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாண்டுகளில், ஒரு பயிற்சி மாணவர் ஒரே ஒரு குழந்தையையாவது எழுத்தறியாத நிலையிலிருந்து வாசிக்கும் நிலைவரை, வாரந்தோறும் தொடர்ந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்று விதித்தால் என்ன? மருத்துவ மாணவர் நோயாளியைத் தொடாமல் மருத்துவராவதில்லை.

பணியிலிருப்போருக்கான பயிற்சியிலும் பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. பருவந்தோறும் நடக்கும் பயிற்சி நாள்களில் பாதியைக் கூடத்திலிருந்து பள்ளிக்கு மாற்றலாம். காலையில் ஐந்தாறு ஆசிரியர்கள் ஒரு குறுவள மையப் பள்ளியில் கூடட்டும். ஆளுக்கொரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பிழைகளை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பிற்பகலில் அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று பேசட்டும். 'கெரடி'யைப் பற்றி அரைமணி நேரம் பேசிய ஆசிரியர், அடுத்த நாள் தம் வகுப்பில் அதைக் கேட்டால் அதட்ட மாட்டார். வாசிப்பில் தேர்ந்த முதல் வகுப்பு ஆசிரியர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் நால்வராவது இருக்கிறார்கள். சக ஆசிரியர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியும். அவர்களை வாரத்தில் ஒருநாள் விடுவித்து மற்றவர்களின் வகுப்புக்கு அனுப்பலாம். அதற்கு அவர்கள் பள்ளியில் மாற்று ஆசிரியர் வேண்டும். தமிழகத்தில் இருவரே உள்ள தொடக்கப் பள்ளிகள் ஏராளம். ஒருவர் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கும்போது இது எளிதில்லை என்பதை அறிவேன். கடினம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பணத்தையும் பணியிடத்தையும் அங்கேதான் போட வேண்டும்.

அண்மையில் வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். மூன்று வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியை. பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்து, இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். யாரும் சொல்லித் தரவில்லை, தாமாகத் தொடங்கியது. ஒரு பழைய நாட்குறிப்பில் பிள்ளையின் பெயரும், அச்சில் இருந்த சொல்லும், பிள்ளை படித்த சொல்லும் வரிசையாக இருந்தன. பால் – பால. மழை – மய. கொடி – கெரடி. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 'கெரடி' அப்படியே இருந்தது. அதன் எதிரே, அடுத்த மாதத் தேதியிட்டு, பச்சை மையில் 'கொடி' என்று எழுதியிருந்தார்.

"இதை யார்கிட்ட காட்டுறது சார்? செயலியில இதுக்கு இடம் இல்ல" என்று கேட்டார்.

அடுத்த மாதமும் வருகிறேன், என்னிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற ஒருவர் தாமாக வந்து போவது ஓர் ஏற்பாடு ஆகாது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.